பளபளக்கும் முகப்புத் தகடுகளுக்குள் இருப்பது என்ன? கட்டட மேலுறையும் தீ ஆபத்தும்: ஒரு விளக்கம்

புதுடெல்லி: நாட்டின் எந்த நகரத்துக் கடைவீதிக்குச் சென்றாலும் வங்கிக் கிளை, நகைக்கடை, பெட்ரோல் நிலையம், தனியார் மருத்துவமனை ஆகியவற்றின் முகப்பில் ஒரே வகையான பளபளப்பான தகடுகளைக் காண முடிகிறது. கட்டுமானத் துறையினர் 'ஏசிபி ஷீட்' என்று அழைக்கும் இவை அலுமினியக் கூட்டுத் தகடுகள் ஆகும். பார்வைக்கு முழுவதும் உலோகமாகத் தோன்றினாலும், இத்தகட்டின் கனத்தில் முக்கால் பங்கு பிளாஸ்டிக்காக இருக்கக்கூடும். தீ விபத்து நேரும்போது அந்த முக்கால் பங்கு எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பொறுத்தே கட்டடத்தில் இருப்பவர்களுக்குத் தப்பிக்கும் அவகாசம் அமைகிறது.

சுவருக்கு மேல் வேறொரு பொருளைப் போர்த்தும் வழக்கம் இந்தியாவுக்குப் புதியதன்று. தாஜ்மகாலின் உட்பகுதி செங்கல் கட்டுமானம்; நாம் காணும் வெண்மை அதன் மேல் பதிக்கப்பட்ட மக்ரானா பளிங்கு. வீட்டு மேசைகளிலும் அலமாரிகளிலும் இதே உத்திதான் கையாளப்படுகிறது. 'சன்மைக்கா' என்ற வணிகப் பெயராலேயே அறியப்படும் சுமார் 1 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு, பிசினில் ஊறவைத்த காகித அடுக்குகளை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுக்கி, ஒட்டுப்பலகையின் மேல் ஒட்டப்படுவது. 'கிளாடிங்' எனப்படும் இதற்குத் தமிழில் நிலைபெற்ற ஒரே சொல் இன்னும் அமையவில்லை; இக்கட்டுரையில் 'மேலுறை' என்றே குறிக்கப்படுகிறது. பளிங்கு எரியாது. கட்டடத்தின் மேலுறையே எரிபொருளாக மாறக்கூடிய நிலை கடந்த சில பத்தாண்டுகளில் உருவானது.

தகட்டின் உள்ளமைப்பு

வெளிப்புறப் பயன்பாட்டுக்கான 4 மில்லிமீட்டர் தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் தலா அரை மில்லிமீட்டர் அலுமினியம், நடுவில் 3 மில்லிமீட்டர் உட்கரு. இந்த உட்கரு பாலிஎத்திலீன் என்றால், அதாவது பிளாஸ்டிக் பைகள் செய்யப் பயன்படும் அதே பொருள் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.75 கிலோ பிளாஸ்டிக் இருக்கும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் எட்டுக்கு நான்கு அடி தகட்டில் இது சுமார் 8 கிலோ. எடைக்கு எடை பார்த்தால் பாலிஎத்திலீன் வெளியிடும் வெப்பம் மண்ணெண்ணெய்க்கு நிகரானது. ஆகவே ஒவ்வொரு தகட்டிலும் ஏறக்குறைய 10 லிட்டர் மண்ணெண்ணெய்க்குச் சமமான எரிபொருள் அடங்கியுள்ளது எனக் கணக்கிடலாம். இத்தகைய தகடுகள் எத்தனை பதிக்கப்பட்டுள்ளன என்பதைத் தமது தெருவில் உள்ள ஆறு மாடி வணிக வளாகத்தை அண்ணாந்து பார்த்து வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்.

அலுமினியம் உருகுவதற்குச் சுமார் 660 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பாலிஎத்திலீனோ 110 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். தீச்சுவாலை பட்டதும் உட்கரு உருகி, தகட்டின் வெட்டுமுனைகள் வழியே வடிந்து பற்றிக்கொள்கிறது. எரியும் துளிகள் கீழ்த்தளங்களின் மீது விழ, சுவாலை மேல்நோக்கி ஏறுகிறது.

தகடுகள் பொருத்தப்படும் முறை இந்த ஆபத்தை மேலும் கூட்டுகிறது. சுவரில் முதலில் அலுமினியக் குழாய்களால் சட்டம் அமைக்கப்படுகிறது. தகட்டின் பின்புறம் பள்ளம் வெட்டி, ஓரங்களைத் தட்டு போல மடித்து, அந்தச் சட்டத்தில் திருகி, இடைவெளிகளைச் சிலிக்கானால் அடைக்கின்றனர். இதனால் சுவருக்கும் தகட்டுக்கும் இடையே சில அங்குல வெற்றிடம் உருவாகிறது. தடுப்பு ஏதுமின்றி அடித்தளம் முதல் உச்சி வரை நீளும் இந்த வெற்றிடம் புகைபோக்கியாகவே செயல்படுகிறது. சூடான காற்று மேலே உறிஞ்சப்பட, சுவாலையும் நீண்டு அடுத்தடுத்த தளங்களை எட்டுகிறது. பெயர்ப்பலகை விளக்குகளுக்கான மின்கம்பிகளும் பெரும்பாலும் இதே இடைவெளி வழியாகத்தான் செல்கின்றன.

லண்டனும் மெல்போர்னும்

இந்த ஆபத்தை உலகம் முழுமையாக உணர்ந்தது 2017 ஜூன் 14 அன்று. லண்டனில் உள்ள 24 மாடி கிரென்ஃபெல் டவர் குடியிருப்பின் நான்காம் தளத்தில், ஒரு வீட்டுச் சமையலறையின் குளிர்பதனப் பெட்டியில் பற்றிய தீ வெளிச்சுவரை அடைந்து, அரை மணி நேரத்துக்குள் உச்சியை எட்டியது. 72 பேர் உயிரிழந்தனர். தீ இவ்வளவு வேகமாக மேலே பரவியதற்கு பாலிஎத்திலீன் உட்கரு கொண்ட மேலுறைத் தகடுகளே முதன்மைக் காரணம் என, ஓய்வுபெற்ற நீதிபதி சர் மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணை 2019-இல் முடிவு செய்தது. புதுப்பிப்புப் பணிக்கு முதலில் திட்டமிடப்பட்டிருந்தது துத்தநாக மேலுறை. அதற்குப் பதிலாக அலுமினியக் கூட்டுத் தகட்டைத் தேர்ந்தெடுத்ததால் மிச்சமான தொகை சுமார் 2.93 லட்சம் பவுண்டு. இங்கிலாந்தில் 18 மீட்டருக்கு மேல் உயரமான புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருட்களைப் பயன்படுத்த 2018 டிசம்பரில் தடை நடைமுறைக்கு வந்தது.

கிரென்ஃபெல் முதல் எச்சரிக்கை அன்று. 2014 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர லாக்ராஸ் குடியிருப்பில், எட்டாம் தள மாடத்தில் அணையாமல் விடப்பட்ட சிகரெட்டிலிருந்து தொடங்கிய தீ, இதே வகைத் தகடுகளின் வழியே சுமார் 11 நிமிடங்களில் உச்சித் தளத்தை அடைந்தது. அங்கு ஒருவரும் உயிரிழக்கவில்லை. தானியங்கி நீர்த்தூவிகள் முறையாக இயங்கியதே அதற்கு முக்கியக் காரணம். இந்தியாவின் பழைய வணிக வளாகங்கள் பலவற்றில் அத்தகைய தூவிகள் இல்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

கண்ணாடியின் சிக்கல் வேறு

மற்றொரு பரவலான மேலுறையான கண்ணாடி எரிவதில்லை. புகையை உள்ளே அடைத்துவிடுகிறது. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் டாக்குரியா பகுதியில் தனியார் மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் தீப்பற்றியபோது, நச்சுப்புகை மேல்தளங்களுக்குப் பரவி, வெளியேற வழியின்றித் தேங்கியது. முகப்புக் கண்ணாடிகளை உடைத்தே மீட்புப் படையினர் நோயாளிகளை அணுக வேண்டியிருந்தது. சுமார் 90 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் மூச்சுத்திணறலால் இறந்தனர்.

தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி இதற்குத் தெளிவான வழிமுறைகளைத் தருகிறது. கண்ணாடி முகப்புக்கும் தளத்துக்கும் இடையிலான இடைவெளி ஒவ்வொரு தளத்திலும் தீயைத் தாங்கும் பொருளால் அடைக்கப்பட வேண்டும். 10 மீட்டருக்கு மிகாத இடைவெளியில், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுக்குக் குறையாமல், வெளிப்புறமாகத் திறக்கும் பலகங்கள் இருக்க வேண்டும். அவசர காலத்தில் திறக்கலாம், மறைக்கக் கூடாது என்ற அறிவிப்பும் உட்புறத்தில் இடம்பெற வேண்டும். பல அலுவலகங்களில் அந்தப் பலகத்தின் முன் கோப்பு அலமாரி நிற்பதுதான் நடைமுறை.

இந்தத் தொகுப்பு பரிந்துரை வடிவிலானது. மாநில அரசுகளும் உள்ளாட்சி அமைப்புகளும் தமது கட்டட விதிகளில் சேர்த்துக்கொண்டால் மட்டுமே அதற்குச் சட்ட வலு கிடைக்கும். மேலும், கட்டடம் ஒப்புதல் பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, பழைய சுவரை மறைப்பதற்காக ஒப்பந்ததாரர் பொருத்தும் 'எலிவேஷன்' வேலை மீண்டும் தீயணைப்புத் துறையின் பார்வைக்கு வருவது அரிது. இந்தியாவைப் பொறுத்தவரை பெரிய ஓட்டை இங்குதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

மாற்று உண்டா?

உண்டு. தீத்தடுப்பு வகைத் தகடுகளின் உட்கருவில் அலுமினியம் ஹைட்ராக்சைடு போன்ற கனிமத் தூள் பெருமளவில் கலக்கப்படுகிறது. சுமார் 200 டிகிரிக்கு மேல் சூடானால் அக்கனிமம் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நீராவியாக வெளியிட்டு, தீயின் வேகத்தைத் தணிக்கிறது. கனிமப் பங்கு 90 விழுக்காட்டையும் தாண்டும் 'ஏ2' வகை ஏறக்குறைய எரியாதது. இவற்றைத் தவிர தனி அலுமினியத் தகடு, சுடுமண் ஓடு, சிமெண்ட் நார்ப்பலகை, கருங்கல் ஆகியவையும் உள்ளன. இவற்றின் விலையோ எடையோ கூடுதல் என்பதால்தான் ஒப்பந்ததாரர்கள் சாதாரண வகையை முன்வைக்கின்றனர்.

மேற்பரப்பை மட்டும் பார்த்து வகையைக் கண்டறிய இயலாது. வண்ணமும் பளபளப்பும் எல்லா வகையிலும் ஒன்றே. எடை ஓரளவு உதவும்: 4 மில்லிமீட்டர் சாதாரணத் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 5.5 கிலோ, தீத்தடுப்பு வகை 7.5 கிலோவை ஒட்டி இருக்கும். புதிதாகப் பொருத்துவோர், வாங்கும் அதே தொகுதிக்கான ஆய்வகச் சோதனைச் சான்றைக் கேட்டுப் பெறுவதும், ஒவ்வொரு தளத்திலும் வெற்றிடத்துக்குக் குறுக்கே தீத்தடுப்பு அமைக்குமாறு ஒப்பந்தத்திலேயே எழுதுவதும் இயலக்கூடியவை. ஏற்கெனவே பொருத்தப்பட்டு, ரசீதும் இல்லாத முகப்புகளில், ஓரத்தில் சிறு துண்டை வெட்டியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் உள்ளே இருப்பது என்னவென்று உறுதியாகத் தெரியவரும்.