கம்பங்கூழ் குடித்தால் தொந்தி கரையுமா?

கோவில்பட்டி என்றதும் கடலை மிட்டாய் நினைவுக்கு வரும். அடுத்தது தீப்பெட்டி. இரண்டுக்கும் உடம்பு எடைக்கும் சம்பந்தம் உண்டு! முதலில் கம்பைப் பார்ப்போம்.

கோவில்பட்டியைச் சுற்றி இருப்பது கரிசல் பூமி. மழையை நம்பி நடக்கும் வெள்ளாமை. கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, பருத்தி ஆகியவை விளையும். நெல்வயல் அபூர்வம். அந்தக் காலத்தில் தீபாவளி, பொங்கல் என்றால்தான் பல வீடுகளில் நெல்லுச்சோறு. மற்ற நாளெல்லாம் கம்பஞ்சோறு, சோளச்சோறு, கூழ்.

பிறகு அரிசி வந்தது. 2011-ம் ஆண்டு ஜூன் மாதம் முதல் ரேஷன் கடையில் விலையில்லாமலே கிடைக்கிறது. பசி போனது. அது பெரிய காரியம். ஆனால் காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை என்று மூன்று வேளையும் அரிசியே ஆகிவிட்டது. கம்பு அடுப்படியை விட்டு வெளியேறியது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது. தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 14 பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக அது கூறியது. தொந்தி வளர்ந்தால் இந்த நோய்க்கு வாசல் திறந்த மாதிரிதான்.

இப்போது கம்பு திரும்பி வந்திருக்கிறது. தெரு ஓரத்தில் தள்ளுவண்டி, பானை நிறையக் கூழ். "எடை குறையும்" என்று சொல்லி வாங்கிக் குடிக்கிறார்கள். குறையுமா?

கணக்கு என்ன சொல்கிறது?

உணவு தரும் சக்தியைக் கலோரி என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. 100 கிராம் கம்பிலும் ஏறத்தாழ அதேதான்! 11 மணிக்கு ஒரு சொம்பு கூழ், 1 மணிக்கு வழக்கம்போல் வயிறு நிறையச் சோறு என்றால், எடை ஏறுமே தவிர இறங்காது.

அப்படியானால் கம்புக்கு என்ன பெருமை? நார்ச்சத்துதான். 100 கிராம் கம்பில் அது சுமார் 11 கிராம். வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. கம்பஞ்சோறு மெதுவாகச் செரிக்கும். சீக்கிரம் பசிக்காது. ஆகவே கம்பு சோற்றுக்குப் பதிலாக வர வேண்டும். சோற்றோடு கூடுதலாக அல்ல. மாவாக அரைத்துக் குடிப்பதைவிட, உடைத்துப் பொங்கிச் சாப்பிடுவது நல்லது. குதிரைவாலிச் சோறும் அப்படியே. தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் எண்ணெயில் பொரித்த வற்றலும் ஏராளமாக வைத்துக்கொண்டால், மிச்சப்படுத்தியது அங்கே செலவாகிவிடும்.

உலக்கை போனது

முன்பு கம்பு சும்மா சோறாகிவிடாது. பெண்கள் அதை உரலில் போட்டு, உலக்கையால் இடித்து, புடைத்து எடுத்தார்கள். குடிநீருக்கு நெடுந்தூரம் நடந்தார்கள். சாப்பிட்டது வேலையிலேயே கரைந்தது. இன்று மாவு மில் இருக்கிறது, மிக்சி இருக்கிறது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் பெண்களோ, நாள் முழுவதும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பெட்டி அடைக்கிறார்கள். கைக்குத்தான் வேலை, காலுக்கு இல்லை. பாட்டி சாப்பிட்ட அளவைப் பேத்தியும் சாப்பிட்டால் எப்படி?

வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தினம் அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள் வேகமாக நடந்தால் கணக்குச் சரி. கரிசல் காட்டு வெயிலுக்கு, விடியற்காலைதான் தோது.

கடலை மிட்டாய் கூடாதா?

2020-ல் புவிசார் குறியீடு பெற்ற மிட்டாயை யார் வேண்டாம் என்பார்கள்? நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த நல்ல பண்டம். ஆனால் 50 கிராம் சாப்பிட்டால் சுமார் 250 கலோரி. அதைக் கரைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். பாக்கெட்டைப் பிரித்துவைத்துப் பேசிக்கொண்டே தின்றால் கணக்குத் தெரியாது. ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, பாக்கெட்டை அலமாரியில் வைத்துவிடுவது நல்லது.

டப்பா மாவு எதற்கு?

இளைஞர்கள் சிலர் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புரதச்சத்து மாவு வாங்குகிறார்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, அதைத் தவிர்க்கச் சொல்கிறது. 100 கிராம் உளுந்திலோ பாசிப்பயறிலோ 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. இரண்டும் கரிசலில் விளைபவை! பாசிப்பயறை முளைகட்டிச் சாப்பிடலாம். எடை குறைக்கும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது.

அவசரமும் கூடாது. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். பட்டினி கிடந்து குறைத்த எடை, பட்டினி முடிந்ததும் திரும்பி வந்துவிடும். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால், சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டே மாற்ற வேண்டும்.

எடை பார்க்கும் மிஷின் வீட்டில் இல்லையா? தையல்காரரின் அளவு நாடா போதும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்ணுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை, காலையில் சாப்பிடும் முன், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்க வேண்டும்!