அமெரிக்க டி.வி.டி உங்க கம்ப்யூட்டர்ல ஓடலையா?

அமெரிக்காவில் இருந்து அண்ணன் ஆசையாக வாங்கிவந்த பட டி.வி.டி, உங்க கம்ப்யூட்டரில் ஓட மறுக்குதா? டிஸ்க்கில் கோளாறு இல்லை பாஸ்! நாடுவாரியாகப் படங்களை விற்க, ஸ்டுடியோக்கள் போட்ட 'ரீஜன்' பூட்டு அது. அமெரிக்காவுக்கு 1, இந்தியாவுக்கு 5.

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், டி.வி.டி டிரைவின் பிராப்பர்ட்டீஸுக்குள் போய் ரீஜனை மாற்றலாம். ஆனா, உஷார்! மொத்தம் 5 முறைதான். அஞ்சாவது முறை எந்த எண்ணை வைக்கிறீங்களோ, அதிலேயே டிரைவ் நின்னுடும். விண்டோஸைப் புதுசா போட்டாலும் மாறாது. ஏன்னா, அந்தக் கணக்கு டிரைவுக்குள்ளேயே பதிவாகிடும்.

அதனால, முதலில் இலவச வி.எல்.சி பிளேயரில் போட்டுப் பாருங்க. சில டிரைவ்களில் ரீஜனை மாற்றாமலே படம் ஓடிடும். அதுவும் முடியலையா? அமெரிக்க டிஸ்க் நிறைய இருந்தா, யு.எஸ்.பி-யில் செருகும் தனி டிரைவ் வாங்கி, அதை 1-லேயே விட்டுடுங்க. பழைய டிரைவ் நம்ம ஊர் 5-லேயே இருக்கட்டும்!