கடல்நீர்த் தொட்டியில் பாசி: பாஸ்பேட்டைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

கடல்நீர் மீன்தொட்டி வைத்துச் சில மாதங்கள் ஆனதும் பாறைகளின் மேல் முடி முடியாகப் பச்சைப் பாசி தலைகாட்டும். கையால் பிய்த்துப் போட்டால் இரண்டே வாரத்தில் மறுபடியும் முளைத்து நிற்கும். பாசிக்கொல்லி மருந்து ஊற்றினால் அப்போதைக்குச் செத்துப்போகும். ஆனால் செத்த பாசி தொட்டிக்குள்ளேயே அழுகி, தான் சேர்த்துவைத்த சத்தையெல்லாம் தண்ணீரிலேயே விட்டுவிடும். அடுத்து முளைக்கும் பாசிக்கு அதுவே உரம். அந்த உரத்தில் முக்கியமானது பாஸ்பேட். அது எந்த வழியாக உள்ளே வருகிறது, எங்கே தங்குகிறது, எப்படி வெளியேற்றலாம் என்று தெரிந்துகொண்டால் பாசியைப் பொறுமையாக அடக்கிவிடலாம்.

எவ்வளவு இருக்கலாம்?

பவளப்பாறைகளைச் சுற்றியுள்ள கடலின் மேல்மட்ட நீரில் பாஸ்பேட் பொதுவாக 0.02 பி.பி.எம்.முக்கும் குறைவு. அதாவது ஒரு லிட்டரில் 0.02 மில்லிகிராம்கூட இருக்காது. வீட்டுத் தொட்டியில் 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். மீன் மட்டும் வளர்க்கும் தொட்டியில் இதைவிடக் கூடினாலும் மீனுக்கு நேரடித் தீங்கு இல்லை. பாசித் தொல்லைதான் மிஞ்சும். பவளம் இருந்தால் கதை வேறு. பாஸ்பேட் மிகும்போது பவளம் தன் சுண்ணாம்புக்கூட்டைக் கட்டுவது தடைபடுகிறது. ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவுப் பாறைத்திட்டில் நைட்ரஜனும் பாஸ்பேட்டும் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள் கின்சி, டேவிஸ் இருவரும் சுண்ணாம்பு படிவது பாதிக்கும் மேல் குறைந்ததாக 1979-இல் எழுதினார்கள்.

அதற்காகப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது. பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிக்கும் பாஸ்பேட் வேண்டும். நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் பற்றாமல் போனால் பவளம் எளிதில் வெளுத்துவிடும் என்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள்.

உள்ளே வரும் வழி

பெரும்பங்கு தீவனத்தின் வழியாகத்தான் வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தீவனத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் தீவனத்தில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். அது முழுவதும் பாஸ்பேட்டாக மாறினால் ஏறக்குறைய 30 மில்லிகிராம். 200 லிட்டர் தொட்டியில் அது 0.15 பி.பி.எம். நாம் வைத்துக்கொள்ள நினைக்கும் அளவைவிட இந்த ஒரு கிராமிலேயே அதிகம்! மீன் தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்வது சிறு பங்குதான்; மீதி கழிவாகத் தண்ணீருக்கே திரும்பும். ஆகவே, இரண்டு நிமிடத்துக்குள் மீன்கள் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள். உறைந்த இறாலை இளக்கி வடிகட்டிப் போடுவது நல்ல பழக்கம். ஆனாலும் வடிந்த நீரோடு போவது கொஞ்சம்தான். பாஸ்பேட்டில் பெரும்பகுதி இறாலின் சதைக்குள்ளேயே இருக்கிறது. அளவைக் குறைப்பதே உண்மையான பலன் தரும்.

அடுத்தது, உப்புக் கலக்கும் தண்ணீர். குழாய்த் தண்ணீரிலும் போர்வெல் தண்ணீரிலும் பாஸ்பேட், நைட்ரேட், சிலிக்கா எது வேண்டுமானாலும் இருக்கலாம். வீட்டில் குடிப்பதற்கு மாட்டியிருக்கும் ஆர்.ஓ. எந்திரம் போதும் என்று நம்பிவிடாதீர்கள். சுவைக்காகக் கொஞ்சம் மூலத் தண்ணீரைத் திரும்பக் கலப்பதும் தாது சேர்ப்பதும் அத்தகைய எந்திரங்கள் பலவற்றின் வேலை. தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீரை டி.ஐ. (அயனி நீக்கும்) ரெசினுக்குள்ளும் விட்டு எடுக்க வேண்டும். கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்ட வேண்டும். ஏறத் தொடங்கினால் ரெசினை மாற்றுங்கள். ஆவியான தண்ணீரை ஈடுகட்ட தினமும் ஊற்றுவதும் இதே தண்ணீராக இருக்கட்டும்.

அளவு குறைவாகக் காட்டியும் பாசி ஏன்?

"டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டுகிறது, ஆனால் பாசி வளர்கிறதே!" என்று பலர் குழம்புவார்கள். கிட் அளப்பது தண்ணீரில் மிஞ்சியிருக்கும் பாஸ்பேட்டை மட்டும். பாசி உறிஞ்சிக்கொண்டது அதில் வராது. பாறையும் மணலும் கால்சியம் கார்பனேட்; பாஸ்பேட் அவற்றின் மேல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் அளவு குறைந்ததும் ஒட்டியிருந்தது மெல்ல அவிழ்ந்து வரும். தண்ணீர் மாற்றிய அன்று இறங்கிய அளவு சில நாளில் பழையபடி ஏறுவது இதனால்தான். பழைய பாறை போட்ட தொட்டிக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

நிறம் பார்த்து ஒப்பிடும் மலிவான கிட்டில் 0.03-க்கும் 0.1-க்கும் வேறுபாடு தெரியாது. டிஜிட்டல் மீட்டர் வாங்குவது மேல். சில மீட்டர்கள் பாஸ்பேட்டுக்குப் பதில் பாஸ்பரஸை பி.பி.பி. கணக்கில் காட்டும். அந்த எண்ணை 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் பாஸ்பேட் பி.பி.எம். கிடைக்கும். 20 என்று காட்டினால் 0.061 பி.பி.எம்.

எது என்ன பாசி?

புதுத் தொட்டியில் மணல்மேல் பழுப்புத் தூள் படிந்தால் அது டயாட்டம். சிலிக்கா தீர்ந்ததும் தானாகவே போய்விடும். செந்நிறத்தில் வழவழப்பான ஏடுபோல் படர்வது சயனோபாக்டீரியா. அதை உறிஞ்சி எடுத்துவிட்டு நீரோட்டத்தைக் கூட்டுங்கள். பழுப்பு நிறச் சளி, அதில் காற்றுக்குமிழ்கள், இரவில் குறைந்து பகலில் கூடுகிறது என்றால் டைனோஃபிளாஜெல்லேட்டாக இருக்கலாம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு இல்லாமல் போன தொட்டியில் பெரும்பாலும் இது வரும். இங்கே பாஸ்பேட்டை இன்னும் குறைத்தால் நிலைமை மோசமாகும்.

வெளியேற்றும் வழி

பச்சை முடிப்பாசிக்கு முதல் மருந்து நம் கைதான். பம்ப்புகளை நிறுத்துங்கள். சைஃபன் குழாயின் முனையில் பழைய டூத்பிரஷ் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். தேய்க்கத் தேய்க்கப் பெயரும் துணுக்குகளைக் குழாய் அங்கேயே இழுத்துக்கொள்ளும். வேறிடம் போய் முளைக்காது. மறுமுனையை நைலான் வலைப்பையில் விட்டால் பாசி பையில் தங்கும், நீரைத் தொட்டிக்கே திருப்பிவிடலாம். பாசியோடு அது சேர்த்த பாஸ்பேட்டும் வீட்டைவிட்டே போகிறது.

ஸ்கிம்மர் எனும் நுரைக்கருவி, மீன் கழிவு சிதைந்து பாஸ்பேட்டாக மாறுமுன் நுரையோடு எடுத்துவிடும். அதன் கோப்பையை அடிக்கடி கழுவுங்கள். கீழே சம்ப் (துணைத் தொட்டி) இருந்தால் அதில் கீட்டோமார்ஃபா என்னும் பாசியை வளர்க்கலாம். இரவில் விளக்குப் போட்டு வளர்த்து, வாரம் ஒருமுறை ஒரு கைப்பிடி அறுத்து வெளியே போடுங்கள். அறுக்காவிட்டால் பயன் பாதிதான். நத்தைகளும் ஓரா மீனும் பாசியைத் தின்று உதவும். ஆனால் தின்றது கழிவாகத் தொட்டியிலேயே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு அளவு இறங்காவிட்டால் மட்டும் ஜி.எஃப்.ஓ. எனும் இரும்பு ஆக்சைடு குருணை. ஆர்.ஓ. தண்ணீரில் செம்புழுதி நீங்கும்வரை கழுவி, பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியோடு தொடங்குங்கள். பாஸ்பேட் சட்டென்று விழுந்தால் பவளம் தாங்காது. லாந்தனம் குளோரைடு சீக்கிரம் வேலை செய்யும். ஆனால் அதனால் உண்டாகும் நுண்ணிய வெண்படிவு மீனின் செவுளைப் பாதிக்கலாம். புதியவர்கள் தொடாமலிருப்பது நல்லது.

பாசி பிடித்ததற்குப் பதிலாகப் புதிது வைக்கலாம் என்று பவளத்தையோ உயிர்ப்பாறையையோ மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்துவர நினைக்காதீர்கள். கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. எடுப்பது குற்றம், அந்தக் கடலுக்கும் அது பெரிய இழப்பு.

எந்த வரிசையில் செய்வது?

முதல் வாரம் தண்ணீரைச் சரிபார்த்து, தீவனத்தைக் குறையுங்கள். அடுத்து வாரம் ஒருமுறை பாசியைக் கையால் எடுத்து, பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். விளக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் போதும். ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமையில் அளந்து குறித்துவையுங்கள். இந்த அடிப்படைகளுக்குப் பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் பொறுங்கள். எது பலன் தந்தது என்று அப்போதுதான் தெரியும். நம்மை நம்பிக் கண்ணாடிக்குள் வாழும் உயிர்களுக்கு மருந்து பாட்டிலைவிட இந்த ஒழுங்குதான் நன்மை செய்யும்.