சாணைக்காரர் வேண்டாம் என்ற கத்தி

போன வாரம் மடக்குக்கத்தி வாங்குவது பற்றி எழுதியதும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றையே கேட்டன: வாங்கியாயிற்று, மழுங்கியும் விட்டது, இனி எதில் தீட்டுவது? யூடியூபைத் திறந்தால் ஜப்பான் கல், வைரத் தகடு, பீங்கான் குச்சி, கவ்வி வைத்த கிட் என்று தலை சுற்றுகிறது. கத்தி விலையைவிடக் கல் விலை கூடிவிடுமோ என்று ஆர்.எஸ்.புரம் வாசகர் ஒருவர் கவலைப்பட்டிருந்தார்.

அவர் தெருவில் கேட்கும் குரலிலிருந்தே தொடங்கலாம். ஆர்.எஸ்.புரத்தில் சாணை பிடிப்பவர் இன்னும் வருகிறார். டி.பி. ரோட்டு இரைச்சலில் அவர் குரல் எடுபடாது. உள்தெருக்களில், வீட்டு வேலை ஓய்ந்த முற்பகலில் கேட்கும். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு மிதித்தால் பெல்ட் இழுத்துச் சாணைக்கல் சுற்றும். அரிவாள்மனை, தையல் கத்தரிக்கோல், தேங்காய் உடைக்கிற அரிவாள் என்று வரிசையாக வாங்கி, பொறி பறக்க ஆளுக்கு இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார். ஒரு முறை என் மடக்குக்கத்தியை நீட்டினேன். விரித்துப் பார்த்தார், மடக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இது வேண்டாமுங்க. சக்கரத்துல வெச்சா நாலு தடவைக்குள்ள பாதிக் கத்தி தேஞ்சு போயிருமுங்க. ஊட்லயே கல்லுல தேச்சுக்குங்க.”

வரவேண்டிய காசை விட்டுவிட்டுச் சொன்ன யோசனை அது. சக்கரம் இரும்பை அள்ளி எடுக்கும். தடித்த அரிவாளுக்கு அது சரி. மெல்லிய மடக்குக்கத்திக்கு அந்த வேகம் தாங்காது.

கோயம்புத்தூர்க்காரருக்கு இதைவிடப் பெரிய சபலம் ஒன்று உண்டு. இங்கே தடுக்கி விழுந்தால் லேத் பட்டறை. பட்டறை என்றால் மூலையில் ஒரு பெஞ்ச் கிரைண்டர். தெரிந்த பையனிடம் கொடுத்தால் காசுகூட வாங்க மாட்டான். ஆனால் அவன் நாள் முழுக்க அதில் பிடிப்பது ஹைஸ்பீடு ஸ்டீலில் செய்த டூல் பிட். சுமார் 600 டிகிரி வரை சூடேறினாலும் அதன் கெட்டித்தன்மை போகாது. அதற்காகவே உருவான எஃகு அது. மடக்குக்கத்தி எஃகு பெரும்பாலும் 200 டிகிரியை ஒட்டிப் பதம் ஏற்றியது. கிரைண்டரில் கத்தியின் உடல் கைக்கு இதமாகவே இருக்கும். முடி போல மெலிந்த வாய்ப்பகுதியில் மட்டும் சூடு போக வழியில்லாமல் ஏறிவிடும். விளிம்பில் நீலம் பாய்ந்து தெரிந்தால் 300 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள். அதன்பின் தண்ணீரில் முக்கிப் பயனில்லை. பதம் போன இடம் நேற்றுத் தீட்டி இன்று மழுங்கும்.

மேசையில் வைத்து, நடுவில் உள்ள பிளவில் கத்தியை இழுக்கிற சின்னப் பெட்டியையும் பலர் கேட்டிருந்தார்கள். உள்ளே இரண்டு கார்பைடு துண்டுகள் சாய்வாக நிற்கும். அவை தீட்டுவதில்லை, சுரண்டுகின்றன. சமையலறையில் அவசரத்துக்குத் தக்காளி நறுக்க உதவும். நல்ல கத்தியை அதில் இழுக்காதீர்கள்.

மிச்சம் இருப்பது கல். நம் வீடுகளில் துவைக்கிற கல், அம்மியின் முதுகு, வாசற்படி என்று எதிலெதிலோ தீட்டியவர்கள்தான் நாம். அது மூடப்பழக்கமல்ல. கருங்கல்லில் இருக்கும் வெங்கச்சங்கல் மணிகள் கத்தி எஃகைவிடக் கடினமானவை. ஆனால் மணிகள் ஒரே அளவில் இல்லை. பெரிய மணி ஆழமாகக் கீறும், சின்னது தடவும், வாய் ரம்பம் போலக் கிழிபடும். சோளத்தட்டு அறுக்கிற அரிவாளுக்கு அந்த ரம்ப வாயே நல்லது. பனையேறிகள் இன்னும் ஒரு படி மேலே போனவர்கள். வெங்கச்சங்கல்லை நுணுக்கிப் பொடியாக்கி, மரப்பலகையில் தூவி, அதில் பாளை அரிவாளைத் தீட்டுவார்கள். மணியைச் சீராக்கினால் வாய் சீராகும் என்பதை அவர்களுக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை.

நொய்யல் கரைக்கும் இந்த வேலைக்கும் உறவு பழையது. கோவையைத் தாண்டி ஓடும் அதே நொய்யல், சென்னிமலைப் பக்கம் கொடுமணலைத் தொடுகிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கும் ஊர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பு உருக்கிய உலைகள் அங்கே அகழாய்வில் கிடைத்தன. காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பாறைகளில் குருந்தக்கல் இருப்பதை இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஹாலந்து 1901இல் விரிவாகப் பதிவு செய்தார். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படியில் வைக்கப்படும் கனிமம் அது. இன்று சாணைச் சக்கரங்களில் பெருமளவு இருப்பது அதே அலுமினியம் ஆக்சைடுதான். மலையைக் குடைவதற்குப் பதில் பாக்சைட்டை மின் உலையில் உருக்கி எடுக்கிறார்கள்.

கடைகளில் நாம் வாங்கப் போகும் கரும்சாம்பல் நிறக் கல் வேறு. அது சிலிக்கன் கார்பைடு, பட்டறை மொழியில் கார்போரண்டம். அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் 1890களின் தொடக்கத்தில் செயற்கை வைரம் செய்யப் போய்க் கண்டெடுத்தது. முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் 1954 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தேய்ப்புப் பொருட்கள் செய்து வருகிறது. டவுன்ஹால் பக்கத்து ஹார்டுவேர் கடையில் “ரெண்டு பக்கக் கல்லு குடுங்க” என்றால் போதும். ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைஸ். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். எட்டு அங்குல நீளத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். சாவிக்கொத்தில் தொங்கும் சின்னக் கல்லில் புதியவருக்குக் கை நிற்காது.

இனி கோணம். தீட்டுவது என்பது முழுக்க இதுதான். கல்லின் பெயரெல்லாம் இதற்கு அப்புறம். மடக்குக்கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி வேண்டும். பாகைமானி எல்லாம் தேவையில்லை. வாயிலிருந்து முதுகு வரை இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் பென்சில் ஒன்றின் தடிமன் சுமார் ஏழு மில்லிமீட்டர். முதுகுக்கும் கல்லுக்கும் இடையில் அந்தப் பென்சில் நுழையும் அளவுக்குத் தூக்கினால் 20 டிகிரி வந்துவிட்டது. பென்சிலை எடுத்துவிட்டு அதே உயரத்தில் கையை நிறுத்துங்கள். சரியாகத்தான் பிடித்திருக்கிறோமா என்று சந்தேகம் வந்தால், வாயின் சரிவில் மார்க்கர் பேனாவால் கோடு இழுத்துவிட்டு இரண்டு தடவை தேயுங்கள். மை முழுதும் அழிந்தால் கோணம் சரி. மேலே மட்டும் அழிந்து நுனி விளிம்பில் மை நின்றால் கத்தி தாழ்ந்திருக்கிறது. விளிம்பில் மட்டும் அழிந்தால் அதிகம் தூக்கிவிட்டீர்கள்.

கல்லின் மேல்தோலை மெல்லிசாகச் சீவி எடுப்பதுபோல் கைப்பிடிப் பக்கத்தில் தொடங்கி நுனிவரை இழுத்துக்கொண்டே தள்ளுங்கள். நுனிக்கு முன் வளையும் இடத்தில் கைப்பிடியை ஒரு மயிரிழை உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் நுனி தீட்டாமலே நின்றுவிடும். ஒரே பக்கத்தையே தேயுங்கள். எத்தனை தடவை என்று எண்ணாதீர்கள். மறுபக்கத்தில், முதுகிலிருந்து வாயை நோக்கிக் கட்டைவிரலை வெளிப்பக்கமாக வழித்துப் பார்த்தால் ஏதோ நெருடும். அதுதான் பிசிறு. கைப்பிடி முதல் நுனி வரை அது விடாமல் வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். “நானும் அரை மணி நேரம் தேச்சேன், ஒண்ணும் ஆகலை” என்பவர்களில் பலர் பிசிறு வருமுன் திருப்பியவர்கள். இரண்டு பக்கமும் பிசிறு கண்டபின் நைஸ் பக்கத்துக்கு மாறி, அழுத்தத்தைக் குறைத்து, பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் தேயுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் சொரசொரப்புப் பக்கத்தில் பின்னோக்கி வழித்தால் மிச்சப் பிசிறு போய்விடும். சலூனில் சவரக்கத்தியைத் தோல்வாரில் வழித்துப் பார்த்த தலைமுறைக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

எச்சரிக்கை ஒன்று. பூட்டு இல்லாத மடக்குக்கத்தி என்றால், தேய்க்கும்போது முதுகில் மேலிருந்து அழுத்தாதீர்கள். மடங்கி விரலில் இறங்கும். இரண்டாவது கையின் விரல்களை வாய்க்கு மேலே, தட்டையான பகுதியில் மட்டும் வையுங்கள்.

கல்லுக்குத் தண்ணீரா எண்ணெயா என்றால், தண்ணீரே போதும். எண்ணெய்தான் வேண்டுமென்றால் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டால் கோவையின் மார்கழிக் காலையில் உறைந்து கல்லின் கண்ணை அடைத்துவிடும். சமையல் எண்ணெய் பிசினாகிவிடும். ஒரு முறை எண்ணெய் குடித்த கல் பிறகு தண்ணீரை ஏற்காது.

வைரத் தகடு வேண்டாமா? உங்கள் கத்தியைப் பொறுத்தது. 1897இல் கார்ல் எல்செனர் பதிவு செய்த அந்தச் சிவப்புச் சுவிஸ் கத்தியின் எஃகு ராக்வெல் கெட்டித்தன்மை அளவில் 56ஐ ஒட்டியது. கார்போரண்டம் அதைச் சுலபமாகக் கரைக்கும். இப்போது ஆன்லைனில் கிடைக்கும் கத்திகளில் டி2 என்று பொறித்திருந்தால் கதை வேறு. 12 சதவீதம் அளவுக்குக் குரோமியம் சேர்ந்த டூல் ஸ்டீல் அது. கல்லில் தீட்டிக் கை வலிக்கும். அதற்கு வைரத் தகடு தகும். கவ்வி வைத்த கிட், கோணத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. மாதம் ஒரு முறை ஒரே கத்தியைத் தீட்டுபவருக்கு அந்த விலை அதிகம். பீங்கான் குச்சி முழுக்க மழுங்கிய கத்தியை எழுப்பாது. லேசாக மங்கியதைச் சரிசெய்யும். அதற்குக் காசும் வேண்டாம். காபிக் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத வெள்ளை வளையம் தெரியும். பக்கத்துக்கு நாலு தடவை அதில் இழுத்தால் ஒரு வாரம் ஓடும்.

ஆர்.எஸ்.புரம் வாசகருக்கு என் தீர்ப்பு இது: இரண்டு பக்கக் கல் ஒன்று, பென்சில் ஒன்று, மார்க்கர் ஒன்று. முதலில் சமையலறையில் ஒதுக்கிப்போட்ட பழைய கத்தியில் கை பழகுங்கள், மடக்குக்கத்தியை அப்புறம் எடுங்கள். உழவர் சந்தையில் நன்கு பழுத்த நாட்டுத்தக்காளி ஒன்று வாங்கி, அழுத்தாமல் கத்தியை மேலே வைத்து இழுத்துப் பாருங்கள். தோல் வழுக்காமல் அறுபட்டால் தீட்டியது போதும். அரிவாள்மனையையும் கத்தரிக்கோலையும் மட்டும் இந்தக் கல்லில் வைக்காதீர்கள். அவற்றைச் சாணைக்காரரிடமே கொடுங்கள், பேரம் பேசாமல். அவை ஏன் வேறு வகை என்பது அடுத்த வாரம்.