மலையேற்றத்தில் நிற்கும் டர்போ கார்

ஸ்ரீசைலம் மலைப்பாதையில் பழைய டர்போ டீசல் கார் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது, சற்றுப் பொறுத்தால் ஓடுகிறது என்று நம் சங்க அன்பர்கள் சிலர் கேட்கிறார்கள். மெக்கானிக் டர்போவைக் கழற்றச் சொல்வார், அவசரப்படாதீர்கள். காஜிபேட்டை ஷெட்டில் நான் பார்த்த 2600 குதிரைத்திறன் ரயில் எஞ்சின்களிலும் டர்போ உண்டு. அது காற்றை அழுத்தித் தருவது, அவ்வளவுதான். காற்று குறைந்தால் கரும்புகை வரும், இழுவை போகும்; எஞ்சின் நிற்பது அபூர்வம். அதற்கு இன்டர்கூலர் குழாயில் விரிசல் தேடுங்கள்.

நின்றே போனால் டீசல் வழிதான். ஏற்றத்தில் டீசல் அதிகம் வேண்டும். டேங்க் வலையில் கசடு ஒட்டி அடைக்கும். எஞ்சின் நின்றதும் கசடு விலகும், வண்டி கிளம்பும். ஃபில்டரில் தேங்கிய தண்ணீரையும் வடித்துப் பாருங்கள்.

இறக்கத்தில் நின்றால் பிரேக் பூஸ்டரில் ஓரிரு மிதிக்கே வேக்குவம் மிஞ்சும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரங்கட்டுங்கள். அதுவரை சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.