இணையத்தளமும் குளக்கட்டும்

வன்னி மண்ணிலே குளம் கட்டியவரின் பெயரை ஊர் நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கும். அக்குளத்தை ஆண்டுதோறும் பேணி வந்தவர்களின் பெயரை எவரும் எழுதி வைப்பதில்லை. மாரி தொடங்குமுன் கட்டிலே முளைத்த பற்றைகளை வெட்டுதல், துருசுக் கதவைச் சோதித்தல், வளைகளை அடைத்தல், வாய்க்காலைத் துப்புரவாக்குதல் ஆகிய வேலைகளை நம் கமக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகின்றனர். ஓராண்டு தவறினால் கட்டு உடைந்துவிடாது. பல்லாண்டு தவறினாலோ, ஒரு மழையிரவு போதும்.

இத்தகைய அறிவு படைத்த ஊரவர், தம் பாடசாலைக்கோ கூட்டுறவுச் சங்கத்திற்கோ கோயிலுக்கோ ஓர் இணையத்தளம் அமைக்கும்போது மட்டும் அதனை மறந்துவிடுவது ஏன் என்பது விளங்கவில்லை. திறப்பு விழா நடைபெறுகிறது, மங்கல விளக்கு ஏற்றப்படுகிறது, பிரதம விருந்தினர் ஒரு பொத்தானை அழுத்துகிறார், கரகோஷம் எழுகிறது. அத்துடன் கடமை முடிந்தது என்று யாவரும் கலைந்து செல்கின்றனர். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அந்த முகவரியைத் தேடிச் செல்பவருக்கு எதிரே நிற்பது ஒரு சூதாட்ட விளம்பரமாகவும் இருக்கலாம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலே இது சிறிய விடயம் அன்று. 2009 இல் முடிவுற்ற போரின்போது இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து சென்ற மக்களோடு, அவர்களது காகிதங்களும் அழிந்தன. எத்தனையோ பாடசாலைகளின் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும், அனுமதிப் பதிவேடுகளும், ஆண்டு மலர்களும் இன்று இல்லை. எஞ்சியவை சில புகைப்படங்கள். அவையும் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் வாழும் பழைய மாணவரின் பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றைத் திரட்டி ஒரு பாடசாலைத் தளத்தில் ஏற்றும்போது, அத்தளமே அப்பாடசாலையின் பதிவேடு ஆகிவிடுகிறது. காகிதம் எரியும், நனையும்; இணையத்தில் ஏற்றியது என்றும் நிலைக்கும் என்று பலரும் நம்புகின்றனர். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் போதாது.

உலகின் முதலாவது இணையத்தளத்தையே எடுத்துக்கொள்வோம். சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ் லீ என்னும் அறிஞர் அதனை அமைத்தார். 1991 இல் அது வெளியுலகுக்குத் திறக்கப்பட்டது. அந்தப் பக்கங்களை மீட்டு மறுபடி அதே முகவரியில் வைப்பதற்காக அந்நிறுவனம் 2013 இல் ஒரு தனி முயற்சியையே தொடங்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013 இல் இருந்த இணையப் பக்கங்களுள் நூற்றுக்கு 38 பத்தாண்டுகளின் பின் திறக்க முடியாதனவாகிவிட்டன. இலவசமாக இடம் தந்த ஜியோசிற்றிஸ் என்னும் சேவையை யாகூ நிறுவனம் 2009 ஒக்டோபரில் மூடியபோது, உலகெங்கும் தனிமனிதர் ஆக்கி வைத்திருந்த எண்ணற்ற பக்கங்கள் ஒரே நாளில் மறைந்தன. செல்வமும் நிபுணரும் நிறைந்த நாடுகளின் கதியே இதுவாயின், நமது நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

தளத்தை அமைப்பது இன்று அத்தனை கடினமான காரியம் அன்று. க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்கும் மாணவரே ஒரு பக்கத்தை எழுதிவிடுவர். 2003 இல் தோன்றிய வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் வந்த பின்னர், அதுவும் தேவையில்லை. எந்த நிறம் அழகு, எந்தப் படம் மேலே வரவேண்டும் என்பன பற்றி நிர்வாகக் குழுக்கள் மணிக்கணக்காக விவாதிக்கின்றன. விவாதிக்கட்டும், அதனால் பெருங்கேடில்லை. எவரும் கேளாதிருக்கும் கேள்விகள் வேறு.

முதற் கேள்வி: முகவரி யாருடையது? இணையத்தள முகவரியை நாம் விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்கே பெறுகிறோம். பெரும்பாலும் ஆண்டுக்கொருமுறை வாடகை செலுத்த வேண்டும். ஒரு பாடசாலையைக் கற்பனை செய்து பார்ப்போம். பழைய மாணவர் ஒருவர், கனடாவிலிருந்து, தம் சொந்தக் கடனட்டையால் முகவரியையும் வழங்கியில் இடத்தையும் பெற்றுத் தருகிறார். நல்ல மனிதர், பலனை எதிர்பாராதவர். நான்காம் ஆண்டில் அவரது அட்டை காலாவதியாகிறது. நினைவூட்டல் கடிதங்கள் அவர் பாவிப்பதை நிறுத்திவிட்ட பழைய மின்னஞ்சலுக்குச் செல்கின்றன. அதிபரோ மாற்றலாகிவிட்டார். ‘.கொம்’ முகவரியாயின், காலங்கடந்து நீக்கப்பட்ட பின்னரும் மீட்பதற்கு 30 நாள் தவணை உண்டு. ஆனால் அதற்குத் தண்டப் பணம் பன்மடங்கு. அதன்பின் 5 நாள் கழிந்தால், உலகில் எவரும் அதனை வாங்கலாம். மக்கள் வந்து பழகிய முகவரிக்கென்றே காத்திருந்து வாங்குவோரும் உளர். முன்னர் சொன்ன சூதாட்ட விளம்பரம் வருவது இவ்வழியேதான்.

பணத்தின் கதையும் இதனோடு சேர்ந்தது. வழங்கிக் கட்டணம் பெரும்பாலும் டொலரில். 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 100 டொலர் கட்டணம் 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவாகிவிட்டது என்பது இதன் பொருள். மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், தளத்தின் வாடகையை நினைத்துப் பார்க்க யாருக்கு மனம் வரும்? ஆகையினால் ஐந்தாண்டு வாடகையை முற்கூட்டியே செலுத்திவிடுதல் நன்று. திறப்பு விழாச் செலவில் ஒரு பங்கே அதற்குப் போதும்.

இனி எழுத்தின் சிக்கலுக்கு வருவோம். இது தமிழர்க்கேயுரிய தலைவலி. இதைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும்.

கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்னும் உடன்பாடு தமிழுக்கு நெடுங்காலம் இல்லாதிருந்தது. இலங்கையில் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை வைத்தது. ‘தமிழ்’ என்று பாமினியில் அடித்தால், கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. பாமினி உள்ள கணினியில் அது ‘தமிழ்’ எனத் தோன்றும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குப்பையாகத் தோன்றும். தேடுபொறியில் ‘தமிழ்’ என்று தேடினாலும் அப்பக்கம் அகப்படாது. ஏனெனில் அப்பக்கத்தில் தமிழ் என்னும் சொல்லே இல்லை!

உலக மொழிகள் யாவற்றுக்கும் வெவ்வேறு எண்களை வகுத்த ஒருங்குறி என்னும் முறை 1991 இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழையும் சேர்த்துக்கொண்டது. ஆயினும் அது நம் கணினிகளில் பரவுதற்குப் பல ஆண்டுகள் சென்றன. அதற்கிடையில் எழுதப்பட்ட தமிழ்த் தளங்கள் பல இன்று வாசிக்க முடியாதனவாய்க் கிடக்கின்றன. பிழைத்தவை, உரிய வேளையில் மாற்றி எழுதப்பட்டவையே. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தருவதற்கென 1998 இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் இதற்கு நல்ல சான்று. முன்னர் டிஸ்கி என்னும் குறிமுறையில் வெளியிட்ட நூல்களை, பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியும் அது வழங்கியது. ஒருமுறை செய்த வேலையை மறுமுறையும் செய்வதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதை, தட்டச்சுச் செய்து பழகியவர்கள் அறிவர்.

ஒருங்குறி வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று எண்ணுவதும் தவறு. தளத்தை ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்கு இடம்பெயர்க்கும்போது, தரவுத்தளத்தின் குறிமுறையைச் சரியாக அமைக்காவிடில், கட்டுரைகள் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். பழைய பிரதி ஒன்று கைவசம் இல்லையெனில், அவற்றை மீட்க வழியே இல்லை. அச்சகத்தில் பாமினியில் கோத்த ஆண்டு மலரை அப்படியே தளத்தில் ஒட்டுவோரும் இன்னும் உளர். அறிவித்தலைப் படமாக்கி ஏற்றுவோர் தொகையோ பெரிது. படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை; கண்பார்வை இழந்தோர்க்காக உரக்க வாசிக்கும் மென்பொருளும் அங்கே திணறுகிறது. போரினால் பார்வை இழந்தோர் வாழும் மண்ணிலே இதை நாம் மறக்கலாமா?

படங்களைப் பற்றி ஒரு சிறு கணக்கு. கைத்தொலைபேசியில் எடுத்த படம் ஒன்று 4 மெகாபைற் என்று கொள்வோம். விளையாட்டுப் போட்டிப் படங்கள் பத்தை ஒரே பக்கத்தில் ஏற்றினால் 40 மெகாபைற். செக்கனுக்கு 1 மெகாபிற் வேகமே கிடைக்கும் ஓர் ஒதுக்குப்புறக் கிராமத்தில் அப்பக்கம் முழுமையாகத் திறக்க 5 நிமிடத்திற்கு மேலாகும். ஒவ்வொரு படத்தையும் 200 கிலோபைற்றாகச் சுருக்கினால், பதினாறு செக்கன் போதும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கொழும்பில் வேகமான இணைப்பின் முன்னே அமர்ந்து தளத்தை வடிவமைப்பவர், மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ மரத்தடியில் நின்று தொலைபேசியை உயர்த்திப் பிடிக்கும் தாயைக் காண்பதில்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். மென்பொருளைப் புதுப்பியாத தளம், கதவு பூட்டாத வீடு. 2021 பெப்ரவரி 6 ஆம் நாள், இலங்கைக்குரிய ‘.எல்கே’ முகவரிகள் சில, கூகிளின் இலங்கை முகவரி உட்பட, வேறொரு பக்கத்திற்குத் திருப்பிவிடப்பட்டன. அத்தகைய பெரிய இடங்களிலேயே புகுந்தவர்க்கு நம் சிறிய தளம் எம்மாத்திரம்? சிறியது என்பதால் எவரும் தொடமாட்டார் என்பது பொய். தானாக இயங்கும் நிரல்கள் பெரிது சிறிது பாராமல் எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்க்கின்றன.

இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது ஆட்களைப் பற்றிய சிக்கலே. நம் ஊர்த் தளங்கள் பல ஒரே ஒருவரின் தோளில் நிற்கின்றன. கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் பல்கலைக்கழகம் செல்கிறார், வெளிநாடு செல்கிறார், மணம் முடிக்கிறார், தளம் அநாதையாகிறது. அவரைக் குறை கூறுவது நீதியன்று; அவருக்கு ஊதியமும் இல்லை, துணையும் இல்லை. இலங்கைத் தமிழரின் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் சிறப்பு மலர்களையும் எண்ணிம வடிவில் பேணும் ‘நூலகம்’ 2005 இல் தன்னார்வலரின் முயற்சியாகவே தொடங்கியது. இன்றும் அது நிலைத்திருப்பதற்குக் காரணம், அது சிலரின் பொழுதுபோக்காக நின்றுவிடாமல் ஒரு நிறுவனமாக வளர்ந்தமையே என்பது என் கருத்து. ஒவ்வோர் ஆவணத்திற்கும் ஓர் எண் உண்டு. ஆகவே ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரலாம். நம் பாடசாலைத் தளங்களில் எத்தனையில் அவ்வாறு தொடர முடியும்?

வவுனியாவில் 2021 ஓகஸ்ற் முதல் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. கணினி கற்ற இளைஞர்க்கு இப்போது வன்னியில் பஞ்சமில்லை. அவர்களிடம் நம் சங்கங்கள் கேட்பது புதிய தளம் ஒன்றையே. இருக்கும் தளத்தைப் பழுதுபார்த்துத் தரும்படி கேட்பவரைக் காண்பது அரிது.

தளம் வைத்திருப்போர் இந்த மாரிக்கு முன்னரே செய்யக்கூடியவை சில உண்டு. முகவரி எந்நாளில் காலாவதியாகிறது, வாடகை செலுத்துபவர் யார், கடவுச்சொல் எவரிடம் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி அதிபரின் அலுமாரியில் பூட்டி வைக்கலாம். முகவரியைத் தனியார் பெயரிலிருந்து பாடசாலையின் பெயருக்கு மாற்றலாம். தளத்தின் முழுப் பிரதி ஒன்றை இரு வேறு இடங்களில், ஒன்று ஊரிலும் மற்றது வெளியிலுமாக, வைக்கலாம். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள இணைய ஆவணக் காப்பகம் 1996 முதல் உலகின் பக்கங்களைப் பிரதி செய்து வருகிறது. அங்கே நம் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், அதனை இலவசமாகப் பிரதி செய்து வைத்துக்கொள்ளும். ஒரு பக்கத்திற்குச் சில நிமிடமே செல்லும். பழைய மாணவரின் பெயர்ப்பட்டியல் உள்ள பக்கத்தை முதலில் கொடுங்கள்.