விரல் தயங்கும் இடம்

மென்பொருள் குழுக்கள் ஊருக்கு ஒருவராகச் சிதறிவிட்டன. ஆனால் திரையை வடிவமைப்பவருக்குச் சக ஊழியரைவிடத் தொலைவில் இருப்பவர் அதைத் தொடப்போகும் மனிதர்தான்.

இரவு மணி 9:30. இந்தூரில் ஓர் அடுக்குமாடி வீடு. படுக்கையறையில் கிடந்த துணிக் குவியலைக் காமிராவின் கண்ணில் படாமல் ஒதுக்கிவிட்டுக் கணிப்பொறி முன் உட்காருகிறார் ஒரு வடிவமைப்பாளர். சான்பிரான்சிஸ்கோவில் அப்போது காலை 9. குளிர்காலம் வந்து அமெரிக்கர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் இந்தூரில் இதே கூட்டம் 10:30-க்குத்தான் தொடங்கும். நிரல் எழுதுபவர்கள் பெங்களூரிலும் புனேயிலும். பணம் போடுபவர் அமெரிக்காவில். தமிழ் வாசகங்களை மொழிபெயர்த்துத் தரச் சேர்க்கப்பட்ட இக்கட்டுரையாளர் சென்னையில். சிறு வியாபாரிகள் செல்போனில் பணம் அனுப்ப ஒரு செயலி தயாரிப்பதுதான் வேலை. ஆறு மாதமாகியும் இந்தக் குழுவில் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

யூஎக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பயனர் அனுபவ வடிவமைப்பைத் திரைக்கு வண்ணம் பூசும் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. வண்ணம் அதில் சிறு பங்குதான். எந்தப் பொத்தான் எங்கே வர வேண்டும், அதில் என்ன எழுதியிருக்க வேண்டும், தவறாகத் தொட்டுவிட்டால் திரும்பி வர வழி என்ன என்று தீர்மானிப்பதே தொழில். அதற்கு, தொடுகிற மனிதரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மென்பொருள் உலகின் இன்றைய வேதம் 'அஜைல்'. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்குத் தலத்தில் 17 நிபுணர்கள் கூடி எழுதிய அறிக்கை அதன் மூலம். வருடக்கணக்கில் திட்டம் தீட்டிக் கடைசியில் கையைப் பிசைவதற்குப் பதிலாக, சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து காட்டு என்பது சாரம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு. அதற்கு 'ஸ்பிரிண்ட்' என்று பெயர். அந்த அறிக்கையோடு சேர்ந்த 12 கோட்பாடுகளில் ஒன்று, தகவல் பரிமாற நேருக்கு நேர் பேசுவதே மிகச் சிறந்த வழி என்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அந்த ஒரு கோட்பாட்டை மட்டும் மூட்டை கட்டி வைத்துவிட்டு மற்ற பதினொன்றோடு தொழில் தொடர்ந்தது. பல குழுக்கள் பிறகும் அலுவலகம் திரும்பவில்லை.

வடிவமைப்பாளருக்கு இரண்டு வாரக் கணக்கே பழைய தலைவலி. நிரல் எழுதுபவர் திங்கட்கிழமை வேலை தொடங்கும்போது திரை தயாராக இருந்தாக வேண்டும். டொராண்டோவில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய டெசிரே சை 2007-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு விடை சொன்னார்: இரண்டு தண்டவாளங்கள். நிரலாளர்கள் இந்தத் துண்டைச் செய்யும்போது வடிவமைப்பாளர் அடுத்த துண்டை வரைந்து சோதித்து முடிக்க வேண்டும். அதற்கும் அடுத்ததற்கு மக்களிடம் தகவல் திரட்ட வேண்டும். ஒரே அறையில் இருந்தால் ஓரளவு முடியும். ஊருக்கு ஒருவராக இருந்தால்?

வரைவதில் சிக்கல் இல்லை. 2016-ல் பொதுமக்களுக்கு வந்த ஃபிக்மா போன்ற கருவிகளில் ஒரே படத்தை நாலு ஊரிலிருந்தும் ஒரே நேரத்தில் திருத்தலாம். ஒவ்வொருவர் அம்புக்குறியும் பெயரோடு நகர்வதைப் பார்க்கலாம். பிரச்சினை வேறு இடத்தில். 5 பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று யாக்கோப் நீல்சன் 2000-ல் எழுதினார். தொலைவிலிருந்து சோதிப்பவர்களுக்கோ அந்த 5 பேரும் நல்ல இணைப்பும் வீடியோவில் பேசிப் பழக்கமும் உள்ளவர்களாகவே அமைகிறார்கள். திணறப்போகிறவர் அந்த ஐவரில் வருவதே இல்லை.

இந்தூர்காரர் பிடிவாதமாக ஒருவரைத் தேடிப் பிடித்தார். மும்பை தாராவியில் இட்லி அவித்துக் கடைகளுக்கு அனுப்பும் தமிழ்ப் பெண். ஞாயிறு மதியம்தான் அவருக்கு ஓய்வு. வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது என்பதால் பேச்சுத் துணைக்கு இக்கட்டுரையாளர்.

கணிப்பொறியில் சோதித்தால் அம்புக்குறியின் அலைச்சலே ஒருவரின் குழப்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். செல்போனில் அப்படியில்லை. கண்ணாடிக்கு மேலே விரல் தயங்கினால் திரையில் சுவடே இராது; இணையம் வழியாகப் பார்ப்பவருக்கு அசையாத படம் மட்டும் தெரியும். அதனால் இன்னொரு போனை அம்மாவின் கைகளுக்கு நேரே பிடித்துக்கொள்ளும்படி மகனிடம் சொல்லியிருந்தார் வடிவமைப்பாளர். உபகாரமான யோசனை.

வேலை எளிது: 500 ரூபாய்க்குப் பதில் 5,000 என்று தட்டிவிட்டதாக வைத்துக்கொண்டு, பணம் போகாமல் வெளியே வர வேண்டும். மாதிரித் திரைதான், நிஜப் பணம் இல்லை. செயலி கேட்டது: 'இந்தப் பரிமாற்றத்தை ரத்து செய்யவா?' கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'ரத்து செய்', மற்றது 'சரி'.

கட்டை விரல் ஒன்றின் மேல் போனது, எழும்பியது, மற்றதன் மேல் போனது, மறுபடி எழும்பியது. "டேய், ரெண்டும் ஒண்ணுதானேடா?" என்றார் மகனிடம். மும்பைப் பள்ளியில் படிக்கும் பையனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "பச்சையை அமுக்கும்மா" என்றான். அம்மா எதையும் அமுக்கவில்லை. போனையே அணைத்துவிட்டார்.

ரத்து செய்ய வேண்டுமானால் 'சரி'யைத் தொட வேண்டும். 'ரத்து செய்'யைத் தொட்டால் ரத்து ரத்தாகி 5,000 ரூபாய் போய்விடும். மொழிபெயர்த்தவர் இக்கட்டுரையாளர்தான். அட்டவணையின் 214-ஆம் வரிசையில் 'கேன்சல்' என்ற ஒற்றைச் சொல் வந்தது. எந்தத் திரை, எந்தக் கேள்வியின் கீழ் என்று அதில் இல்லை, இவரும் கேட்கவில்லை. 'ரத்து' தமிழ்ச் சொல்தானா என்பதுதான் தமிழ் முதுகலை படித்தவருக்கு அன்று பெரிய கவலையாக இருந்தது. ஒரே அறையில் இருந்திருந்தால் எட்டிப் பார்த்துக் கேட்டிருக்கலாம்.

அன்றிரவே பொத்தான்கள் மாறின: 'பணம் அனுப்பு', 'அனுப்ப வேண்டாம்'. தமிழ் வாசகம் நீளமானதால் பக்கத்தில் பக்கத்தில் அடங்கவில்லை. ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தார் வடிவமைப்பாளர். மறுநாள் 15 நிமிடக் கூட்டத்தில் தகராறு. அந்தத் திரை 'முடிந்தது' பட்டியலுக்குப் போய்விட்டதாம். அடுத்த ஸ்பிரிண்டிலும் இடமில்லையாம். கடைசி நேரத்தில் வரும் மாற்றத்தையும் வரவேற்க வேண்டும் என்று அதே 12 கோட்பாடுகளில் ஒன்று சொல்கிறது. அதை யாரும் நினைவூட்டவில்லை.

வடிவமைப்பாளர் வாதாடவில்லை. கட்டை விரல் எழும்பி இறங்கும் 20 வினாடிப் படத்தை மட்டும் வெட்டியெடுத்துக் குழுவின் அரட்டைப் பெட்டியில் போட்டார். ஒரு வார்த்தை எழுதவில்லை. பெங்களூர் நிரலாளர் யாரிடமும் கேட்காமல் அன்று மாலையே மாற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த தமிழ் அட்டவணைகளில் ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் திரையின் படம் இருந்தது. மராத்தியிலும் கன்னடத்திலும் 214-ஆம் வரிசை என்னவாகப் போயிருக்கிறது என்று, ஒப்பந்தம் முடியும்வரை யாரும் பார்க்கவில்லை.